கதையுலகக் களஞ்சியங்களும் அவற்றின் எல்லையும்

ஒரு நூலை விரும்பிப் பயின்றோர் அந்நூலில் வரும் மாந்தர், ஊர், நிகழ்ச்சி என்பவற்றைத் திரட்டி அகரவரிசைப்படுத்தி வைத்தல் புதுவழக்கன்று. நூல் சிறிதாயின் அவ்வேலை ஒரு விடுமுறைக் காலத்துள் முற்றுப்பெறும். ஒரு கதை பல ஆசிரியர் கைப்பட்டு, நாவலாகவும் திரைப்படமாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் சித்திரக்கதையாகவும் கணினி விளையாட்டாகவும் ஆண்டுதோறும் பல்கிப் பெருகுமாயின், அதனைத் தொகுக்கப் புகுவோன் நிலை வேறாகின்றது. அவன் முதலில் எதிர்ப்படும் வினா, எதனை விட்டுவிடுவது என்பதாம். இன்று இணையத்தளங்களிலே இரசிகர்கள் ஊதியமின்றி உருவாக்கி வைத்திருக்கும் கதையுலகக் களஞ்சியங்கள் நிலைத்ததும் சிதைந்ததும் பெரும்பாலும் இவ்வினாவுக்கு அவர்கள் கண்ட விடையைப் பொறுத்தனவேயாம்.

இவ்வினா இணையத்துக்கு முந்தியது. ஆர்தர் கொனன் டொயில் இயற்றிய ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகள் 1887 முதல் 1927 வரை வெளிவந்தன. நாவல்கள் 4, சிறுகதைகள் 56, ஆக 60. ரொனல்ட் நொக்ஸ் என்பார் 1911ஆம் ஆண்டில் ஒக்ஸ்போட்டிலே, விவிலிய ஆராய்ச்சியாளர் கையாளும் முறையைப் பரிகாசமாகப் பின்பற்றி, இக்கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை படித்தார். வேடிக்கையாகத் தொடங்கிய அம்முயற்சி பின்னர் ஒரு துறையாகவே வளர்ந்தது. டாக்டர் வொட்சனுக்குப் போர்க்களத்திலே குண்டுபட்ட இடம் ஒரு நாவலில் தோள், மற்றொன்றிற் கால். இம்முரணைத் தீர்க்க எழுந்த கட்டுரைகள் பல. அவ்வாறு வாதிடுவோர்க்கு எக்கதைகள் சான்றாகும், எவை சான்றாகா என்னும் வரையறை இன்றியமையாததாயிற்று. 'கனன்' என்ற ஆங்கிலச்சொல், விவிலியத்துள் அடங்கும் நூல்கள் இவையெனத் திருச்சபை ஏற்றுக்கொண்ட வரிசையைக் குறிப்பது. அச்சொல்லையே ஹோம்ஸ் அன்பரும் தம் அறுபது கதைகளுக்கு வழங்கினர். இதனை மூலவரிசை என்னலாம். ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. கொனன் டொயிலே 1896இலும் 1924இலும் ஹோம்ஸை வைத்து இரு சிறு வேடிக்கைச் சித்திரங்கள் எழுதியுள்ளார். எழுதியவர் மூலாசிரியரேயாயினும், அவை பெரும்பாலார் கணக்கில் அறுபதினுள் அடங்கவில்லை. எல்லை என்பது தானே அமைந்து கிடப்பதன்று என்பதற்கு இது சான்றாகும். வாசகர் கூடி வகுத்துக்கொண்டதே அது.

அறுபது கதைக்கு எல்லை வகுத்தல் எளிது. 'ஸ்டார் ட்ரெக்' என்னும் விண்வெளித் தொடரின் நிலையோ வேறு. 1966 செப்டெம்பர் 8ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கி 1969 வரை 79 பகுதிகளாக ஒளிபரப்பான அத்தொடர், பின்னர்ப் பல தொடர்களாகவும், 2016 வரையில் அரங்குகளுக்கு வந்த 13 திரைப்படங்களாகவும், நூற்றுக்கணக்கான நாவல்களாகவும் விரிந்தது. தொடர் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த காலத்திலேயே இரசிகர் சிலர் சிறு அட்டைகளிற் செய்திகளைக் குறித்துவைத்தனர். அவ்வட்டைகளிலிருந்து வளர்ந்த பொருளடைவு நூலொன்றை பிஜோ டிரிம்பிள் என்னும் அம்மையார் 1969இல் வெளியிட்டார். அப்போது தொகுக்கவேண்டியிருந்தது ஒரு தொடர் மட்டுமே. 2003ஆம் ஆண்டின் இறுதியில் 'மெமரி அல்பா' என்னும் விக்கித்தளம் தொடங்கியபோது நிலைமை அவ்வாறிருக்கவில்லை.

அத்தளத்தார் வகுத்த விதி எளியது. தொலைக்காட்சித் தொடர்களிலும் திரைப்படங்களிலும் கண்டதும் கேட்டதுமே சான்று. நாவலும் சித்திரக்கதையும் விளையாட்டும், உரிமையாளரின் அனுமதியோடு வெளிவந்தனவாயினும், கட்டுரையின் உடலுள் இடம்பெறா. அவை கூறுவதைச் சொல்லவேண்டின் ஈற்றிலே புறம்பான ஒரு குறிப்பாகத் தனித்துச் சொல்லவேண்டும். இவ்விதியின் சிறப்பு யாதெனின், இன்ன செய்தி முக்கியமானதா என்று எவரும் எவரோடும் வாதிடவேண்டுவதில்லை. முக்கியம் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும்; திரையிலே வந்ததா என்பதோ படத்தை மீண்டும் ஓட்டிப் பார்த்தால் முடிந்துபோகும் காரியம். முன்பின் அறியாத பல்லாயிரவர் பல நாடுகளிலிருந்து கூடித் தொகுக்கும் ஒரு நூலுக்கு இத்தகைய அளவுகோலே தக்கது. தொகைநூல்களை அடியளவாற் பிரித்து வைத்த மரபினையுடைய தமிழ் வாசகர்க்கு இதன் அருமை விளக்கவேண்டாததாம்.

ஆயினும், விதி எளிதென்பதால் ஐயம் எழாதென்றில்லை. 1973, 74ஆம் ஆண்டுகளில் அதே தொடர் அசைபடமாக வந்தது. தொடரைத் தோற்றுவித்த ஜீன் ரொடன்பெரியின் அலுவலகம் 1980களின் இறுதியிலே அதனை மூலவரிசைக்குப் புறம்பாக்கியது. மெமரி அல்பாவோ அதனைச் சான்றாக ஏற்றுக்கொண்டது. தொகுப்பாளர் உரிமையாளரின் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை என்பது இதனாற் புலனாகும். மேலும், புறந்தள்ளப்பட்ட நாவல்களுக்கும் விளையாட்டுகளுக்கும் 'மெமரி பீட்டா' எனப் பிறிதொரு தளம் அமைந்தது. ஒரு வேலி நிலைப்பதற்கு வேலிக்கு அப்பாலும் ஓர் இடமிருத்தல் வேண்டும் போலும். போக்கிடமற்ற செய்தி எவ்வழியிலேனும் உள்ளே நுழையவே முயலும்.

பொருளெல்லையை அடுத்து எழுவது நுணுக்கத்தின் எல்லை. 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவிலே தொடக்க ஆண்டுகளில் போக்கிமொன் என்னும் யப்பானிய விளையாட்டிலுள்ள கற்பனைப் பிராணி ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுரை இருந்தது. பொதுக் கலைக்களஞ்சியத்துக்கு இது தகுமா என்னும் வாதம் நெடுநாள் நிகழ்ந்தது. கதைக்குப் புறம்பான நூல்களும் இதழ்களும் ஒரு பொருளைப் பற்றி விரிவாக எழுதியிருந்தாலன்றி அதற்குத் தனிக்கட்டுரை வேண்டாம் என்னும் கருத்து வலுப்பெற்று, அவற்றுட் பெரும்பாலானவை பட்டியல்களுள் அடக்கப்பட்டன. 'ஸ்டார் வோர்ஸ்' பற்றிய சிறு செய்திகளுக்கும் அங்கே இடம் குறுகியதனால், 2005 மார்ச்சிலே 'வூக்கீப்பீடியா' தனித்தளமாகப் பிறந்தது. (வூக்கீ என்பது அக்கதையில் வரும் உரோமம் அடர்ந்த இனத்தின் பெயர்.) அங்கே இன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. ஒரு காட்சியிலே கணப்போது தோன்றி மறையும் பெயரறியாத மாந்தருக்கும் 'இனங்காணப்படாதவர்' என்ற தலைப்பிலே பக்கங்கள் உண்டு. இஃது அளவுகடந்த ஆர்வமென்றே தோன்றுகின்றது. இரண்டு வரிப் பக்கங்கள் ஆயிரமாயிரமாகப் பெருகின், நன்கெழுதிய நெடுங்கட்டுரைகள் அவற்றினிடையே மறைந்துபோகும். ஒரு பட்டியலில் ஒரு வரியாக அமையத்தக்கதனைப் பக்கமாக்குதலாற் பயனடைவோர் சிலரே. எனினும், இரசிகர் தாமாகக் கற்பித்து எழுதும் கதைகளை அத்தளத்தார் முற்றாக விலக்கி, அவற்றுக்கு வேறு தளம் உண்டென வழிகாட்டியமை பாராட்டற்குரியது.

வூக்கீப்பீடியாவுக்கு நேர்ந்த பெருஞ்சோதனை 2014இல் வந்தது. 1977இல் முதற்படம் வெளிவந்தபின், குறிப்பாக 1991இல் திமதி சான் எழுதிய நாவல் பெற்ற வெற்றியின்பின், அக்கதையுலகம் ஏராளமான நாவல்களால் விரிந்தது. முன்னிருந்த உரிமையாளர் அவற்றைப் படிநிலைப்படுத்தி வைத்திருந்தனர். திரைப்படம் தலையாயது, நாவல் அதற்கு அடுத்தது, இரண்டும் முரணினாலன்றி இரண்டும் உண்மை. 2012இல் டிஸ்னி நிறுவனம் அவ்வுரிமையை வாங்கியது. புதிய படங்களுக்கு வழிவிடவேண்டியிருந்ததனால், 2014 ஏப்பிரல் 25ஆம் நாள், திரைப்படங்களும் 'குளோன் வோர்ஸ்' என்னும் அசைபடமும் தவிர்ந்த பழைய கதைகள் யாவும் இனி 'பழங்கதைகள்' என்னும் பெயராலே தனித்து நிற்குமென அறிவிக்கப்பட்டது. ஒரே நாளில் இரசிகர் ஒன்பது ஆண்டுகளாகத் திரட்டிய செய்திகளுட் பெரும்பகுதி மூலவரிசைக்கு வெளியே சென்றுவிட்டது.

அப்போது தொகுப்பாளர் செய்யக்கூடியன பல. பழையனவற்றை அழித்துவிடலாம், புதிய அறிவிப்பைப் புறக்கணிக்கலாம், இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடலாம். கலந்திருந்தால் நேர்ந்திருக்கக்கூடியதற்குச் சூபாக்கா என்னும் பாத்திரமே போதிய சான்று. 1999இல் வெளிவந்த நாவலொன்றிலே அவன் இறந்துவிடுகின்றான். 2015இல் வந்த திரைப்படத்திலே, கதைக்காலத்தில் அதனிற் பிந்திய ஒரு பொழுதில், அவன் உயிரோடு உலாவுகின்றான். ஒரே கட்டுரையில் இரண்டும் வரின் வாசகன் எதனை நம்புவான்? வூக்கீப்பீடியாவினர் இரண்டு வரலாற்றையும் இரண்டு பக்கங்களாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வாயில் ஒன்றைத் தலைப்பிலே வைத்தனர். பழங்கதைகளில் மட்டும் வாழ்ந்த மாரா ஜேட் என்னும் பாத்திரம் பழங்கதைப் பக்கத்திலே நின்றுவிட்டாள். அவளோடு அதே 1991ஆம் ஆண்டு நாவலிற் பிறந்த திரோன் என்னும் தளபதி 2016இல் அசைபடத் தொடரொன்றிலே மீண்டும் தோன்றவே, அவனுக்கும் இரண்டு பக்கங்கள் உரியவாயின. வேலை இரட்டித்தது மெய்யே. ஆனால் எவருடைய உழைப்பும் வீணாகவில்லை. எச்செய்தி எந்நூலிலிருந்து வந்ததென்பதும் மயங்கவில்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் மூலநூலைக் குறித்துவைக்கும் வழக்கம் முன்னரே இருந்திராவிடில் இவ்வாறு பிரித்தெடுத்தல் இயலாததாயிருக்கும்.

ஆசிரியர் ஒருவரேயாயினும் இச்சிக்கல் ஒழிவதில்லை. ரோல்கீன் எழுதிய 'மோதிரங்களின் தலைவன்' 1954, 55ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அவர் மறைந்தபின் மகனார் கிறிஸ்தோபர், தந்தையின் கையெழுத்துப் படிகளை 1977 முதல் பதிப்பிக்கத் தொடங்கினார். 1980இல் வந்த தொகுப்பிலே கலாத்ரியேல் என்னும் அரசியின் முன்வரலாறு ஒன்றோடொன்று ஒவ்வாத பல வடிவங்களிற் காணப்படுகின்றது. இதிலே எது மெய், எது பொய் என்பதற்கு இடமில்லை. பாடபேதங்களாக அருகருகே வைப்பதொன்றே நேர்மையான வழி.

இதுகாறும் கூறியவை எந்நூலைச் சேர்ப்பது, எத்துணை நுணுகுவது என்பன பற்றியவை. மூலநூலின் சொற்களை எத்துணை எடுத்தாளலாம் என்னும் எல்லையையோ இரசிகர் பலர் நினைப்பதேயில்லை. ஸ்டீவ் வான்டர் ஆர்க் என்னும் அமெரிக்கப் பாடசாலை நூலகர் 2000ஆம் ஆண்டில் ஹரி பொட்டர் நாவல்களுக்கு ஓர் அகராதித்தளம் அமைத்தார். மந்திரம், மருந்து, மாந்தர், விலங்கு என ஒவ்வொன்றும் அகரவரிசையில் அங்கே விளக்கம் பெற்றன. நாவலாசிரியை ரௌலிங் 2004இல் அத்தளத்துக்குத் தமது விருதை வழங்கியதோடு, வெளியிடங்களில் எழுதும்போது ஐயந்தீர்க்கத் தாமே அதனைப் பார்ப்பதுண்டு என்றும் பாராட்டினார். ஆனால், அதனை அச்சு நூலாக விற்பனைக்குக் கொண்டுவர 2007இல் முயன்றபோது நிலைமை மாறியது. அவ்வாண்டு ஒக்டோபரிலே ரௌலிங்கும் வோர்னர் பிறதர்ஸ் நிறுவனமும் பதிப்பகத்தின்மேல் நியூ யோர்க்கில் வழக்குத் தொடுத்தனர். தாமே ஒரு களஞ்சியம் எழுதும் எண்ணம் ரௌலிங்குக்கு இருந்தது.

2008 செப்டெம்பர் 8ஆம் நாள் நீதிபதி ரொபேட் பற்றர்சன் அளித்த தீர்ப்பு நுணுகி நோக்கத்தக்கது. ஒரு புனைகதைக்கு வழிகாட்டி நூல் எழுதுதல் மூலநூலின் நோக்கத்தினின்றும் வேறான, பயனுள்ள பணியே என்றும், தம் கதைக்கு அத்தகைய நூல் எழாதவாறு தடுக்கும் உரிமை ஆசிரியருக்கு இல்லையென்றும் அவர் ஒப்புக்கொண்டார். ஆயினும், இந்நூல் அப்பணிக்கு வேண்டிய அளவினும் மிகுதியாக மூலத்தின் சொற்களையே எடுத்துக்கொண்டது என்று கண்டு அதன் வெளியீட்டைத் தடுத்தார். நாவல்களின் துணைநூல்களாக ரௌலிங் 2001இல் எழுதிய இரு சிறுநூல்கள் தாமே அகராதி போன்றவை; அவற்றிலிருந்து எடுத்தது பெரும்பகுதி. நூலொன்றுக்கு 750 டொலராக 9 நூல்களுக்கு 6,750 டொலர் நட்டஈடு விதிக்கப்பட்டது. சட்டம் அனுமதித்த மிகக் குறைந்த தொகை அது. நூல் அப்போது வெளிவரவேயில்லை. சொற்களைக் குறைத்து, தம் விளக்கத்தைக் கூட்டித் திருத்தி எழுதிய நூல் 2009 சனவரியிலே தடையின்றி வெளிவந்தது. முன்னையதிலும் பின்னையதே நல்ல நூலாயிருத்தல் வேண்டும் என்பது எளிதிற் பெறப்படும். மூலத்தைப் பெயர்த்தெழுதியது விளக்கமாகாது. மூலத்தைப் படித்தவனுக்கும் அதனாற் புதிதாக யாதும் கிட்டாது.

எல்லை வகுத்தவர்க்கும் நிலம் சொந்தமாயிருப்பதில்லை என்பதனையும் இங்கே குறித்தல் தகும். 1994இல் தோன்றிய ஜியோசிற்றீஸ் என்னும் இலவச இடத்திலே தனியொரு பாத்திரத்துக்கோ தனியொரு படத்துக்கோ எழுந்த இரசிகர் பக்கங்கள் பல. அவற்றுட் சில, எல்லை சிறிதாயிருந்தமையாலேயே, தம்மளவில் முற்றுப்பெற்றவை. பெருந்தளங்களிற் காணாத பொறுமை அவற்றிலே இருந்தது. 1999இல் அதனை வாங்கிய யாகூ நிறுவனம் 2009 ஒக்டோபர் 26ஆம் நாள் அமெரிக்காவில் அதனை மூடியது. தொண்டர் சிலர் விரைந்து படியெடுத்தமையால் ஒரு பகுதி எஞ்சியது. மெமரி அல்பாவும் வூக்கீப்பீடியாவும் இன்றும் ஒரு வணிக நிறுவனத்தின் தளத்திலேயே தங்கியுள்ளன.

மெமரி அல்பா என்னும் பெயர் 1969 சனவரியில் ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் பகுதியொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. அக்கதையிலே அப்பெயருடைய சிறுகோள் பல உலகங்களின் அறிவையெல்லாம் திரட்டி வைத்த பெரிய நூலகமாகும். அது கற்போர் யாவர்க்கும் திறந்திருக்கவேண்டுமென்று கருதி அதற்குக் காவல் யாதும் வைத்திலர். கதை தொடங்கிச் சிறிது பொழுதுக்குள் அந்நூலகம் தாக்கப்பட்டு, அங்கே சேமித்த நினைவு முழுதும் அழிந்துபோகின்றது.