கோட்டைத் தாண்டினால் ஈர்ப்பு இல்லையா?

கோடை விடுமுறை விண்வெளிப் பயிற்சிகளுக்குப் பதிவு செய்ய இந்த வாரமே கடைசி. 'கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்' போன்ற சிமுலேஷன் விளையாட்டுகளில் ராக்கெட் ஓட்டியபடியே சுற்றுப்பாதை இயக்கவியல் கற்கலாம் என்கின்றன விளம்பரங்கள். வாசகர் கடிதங்களில் ஒரே சந்தேகம் திரும்பத் திரும்ப வருகிறது: திரையில் பார்ப்பதை அப்படியே நம்பலாமா?

'நிஜ இயற்பியல்' என்கிறார்களே?

விற்பவர்கள் அப்படிச் சொல்வது, கணினிக்குத் தோதாகச் சுருக்கிய இயற்பியலை. இந்த விளையாட்டில் விண்கலத்தை ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான் இழுக்கும். ஒவ்வொரு கோளைச் சுற்றியும், அதன் நிலவுகளைச் சுற்றியும் ஒரு கற்பனை எல்லை உண்டு. அதற்குள் இருக்கும்வரை அந்தக் கோள் அல்லது நிலவின் ஈர்ப்பு மட்டுமே கணக்கு. எல்லையைத் தாண்டிய கணமே அது பூஜ்ஜியமாகிவிடும்.

இந்த உத்தி கெட்டிக்காரத்தனமானது. இரண்டே பொருள்கள் என்றால் பாதை முழுவதற்கும் சூத்திரம் உண்டு. மூன்றாவது சேர்ந்தால் பெரும்பாலும் சிறு சிறு அடியாகக் கணக்கிட்டுப் போக வேண்டும். பிழையும் கூடவே சேரும். சூத்திரம் இருப்பதால்தான் விளையாட்டில் காலத்தை ஒரு லட்சம் மடங்கு வேகமாக ஓட்டினாலும் பாதை சிதறுவதில்லை. கோள்களுக்கு இடையிலான பயணங்களை முதல் கட்டமாகத் திட்டமிடப் பொறியாளர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

பிறகு என்ன கவலை?

இஸ்ரோவின் ஆதித்யா எல்-1 விண்கலத்தை எடுத்துக்கொள்வோம். 2024 ஜனவரி 6 அன்று அது தன் இடத்தை அடைந்தது: பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கி.மீ. ஆனால் இந்தக் கணக்கு முறை பூமிக்கு வரையும் எல்லை சுமார் 9.25 லட்சம் கி.மீ.தான். அதன்படி ஆதித்யாவைப் பூமி இழுப்பதே இல்லை! சூரியன் மட்டும் இழுத்தால், பூமியைவிட ஒரு சதவீதம் உள்ளே இருக்கும் கலம் சுமார் 360 நாளில் சூரியனைச் சுற்றிவந்து பூமியை முந்திவிடும். நிஜத்தில் பூமியின் எதிர்த்திசை இழுப்பு சூரியனின் பிடியைச் சற்றுத் தளர்த்துகிறது. அதனால்தான் பூமியும் கலமும் சேர்ந்தே சுற்றுகின்றன. லக்ராஞ்சுப் புள்ளி என்பது இதுதான். விளையாட்டில் அதற்கு இடமே இல்லை. ஈர்ப்பு ஒரு கோட்டோடு நின்றுவிடும் என்று பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிட்டால், அதை அழிப்பது கடினம்.

விளையாட்டிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா?
'பிரின்சிப்பியா' என்ற இலவசக் கூடுதல் மென்பொருளைச் சேர்த்தால் முடியும்.

வேறு மென்பொருள்?
'ஆர்பிட்டர்', நாசாவின் 'ஜிமேட்' இரண்டும் இலவசம். பல பொருள்களின் ஈர்ப்பையும் சேர்த்தே கணக்கிடும்.

விளையாட்டின் எண்கள் பூமிக்குப் பொருந்துமா?
பொருந்தா, அதன் கெர்பின் கோளின் ஆரம் 600 கி.மீ., பூமியுடையது 6,371.

செயற்கைக்கோள் தானாகக் கீழிறங்குமா?
கெர்பினில் 70 கி.மீ.க்கு மேல் காற்றே இல்லை என்பதால் இறங்காது. நிஜத்தில் சுமார் 400 கி.மீ. உயரத்தில் உள்ள சர்வதேச விண்வெளி நிலையத்தையே அவ்வப்போது மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது.

பிள்ளையைச் சேர்க்கலாமா?
தாராளமாக, ஆனால் மென்பொருள் எதையெல்லாம் விட்டுவிடுகிறது என்பதற்கும் ஒரு வகுப்பு உண்டா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.