வலி அடங்கிய பல்

மலையகத்தார் 'பல்வலி' என்பர். யாழ்ப்பாணத்தார் 'பல்நோ' என்பர். நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டும் ஒன்றே. மஸ்கெலியாவின் உட்புறத் தோட்டமொன்றில் அவ்வாறு விழித்திருப்பவனுக்கு விடியும்வரை எங்கும் போக வழியில்லை. விடிந்தபின் அட்டனுக்குப் போனால் அன்றைய பேர் விழாது; கூலியும் இல்லை. ஆகவே வலி தணிந்த காலையில் அவன் மலைக்கே போகிறான்.

என் மாணவனொருவன் இப்படித்தான் கன்னத்தைப் பொத்திக்கொண்டு மூன்று நாள் வகுப்பிற்கு வந்தான். சொத்தைக் குழியிற் பாட்டி புகையிலையை அடைத்திருந்தாள். நான்காம் நாள், "வலி போயிருச்சுங்க சார்" என்று சிரித்தான். யானும் மகிழ்ந்தேன். அம்மகிழ்ச்சி அறியாமையின்பாற்பட்டது. பல்லினுள்ளே நரம்பும் குருதிக்குழாயும் கொண்ட மென்கூழ் அழுகி இறந்துவிட்டால் வலி அடங்கிவிடும். கிருமியோ வேர்நுனி வழியே தாடையெலும்பினுள் இறங்கும். ஆறாம் நாள் கண் மூடுமளவிற்கு அவன் முகம் வீங்கிற்று.

முகமோ கழுத்தோ வீங்குதல், காய்ச்சல், வாய் திறக்க இயலாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ இடர்ப்படுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும், பல் வைத்தியர் வரும் நாளை எதிர்பாராது அந்நேரமே ஆஸ்பத்திரிக்குப் போதல் வேண்டும்.

வலி மட்டுமாயின் இரவைக் கழிக்கச் சில வழிகள் உள. இளஞ்சூடான நீர் ஒரு கோப்பையில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளித்து, பல்லிடுக்கிற் சிக்கிய உணவை நூலால் மெல்ல நீக்குக. குளிர்ந்த ஈரத்துணியைப் புறக்கன்னத்தில் வைக்கலாம். சூட்டு ஒற்றடம் ஆகாது. தலையை உயர்த்திப் படுத்தால் துடிப்புக் குறையும். கராம்பு எண்ணெயைப் பஞ்சிற் சிறிது தோய்த்துக் குழியில் மட்டும் ஒற்றினால் பல் சற்று மரக்கும். ஈறிற் பட்டால் அது எரிக்கும். வளர்ந்தோர் 500 மில்லிகிராம் பரசிற்றமோல் இரண்டு விழுங்கலாம். அடுத்த முறைக்கு ஆறு மணிநேரம் செல்லவேண்டும். நாளொன்றுக்கு எட்டைக் கடத்தலாகாது. ஈரல் நோயுடையார் வைத்தியரைக் கேளாது அதையும் உண்ணற்க. அஸ்பிரின் சிறுவர்க்கு ஆகாது. அம்மாத்திரையை ஈறின்மேல் வைக்கும் வழக்கமோ எவர்க்கும் தீது, தசையைச் சுட்டுவிடும்.

வலியே காட்டாது பல்லைக் கொண்டுபோகும் நோயும் உண்டு. அதனை உலகம் கற்றது நம் நாட்டுத் தோட்டத்தாரின் வாயிலிருந்தே. நோர்வே நாட்டறிஞர் ஹரால்ட் லோவும் அவர் குழுவினரும் 1970இல் இலங்கைத் தேயிலைத் தொழிலாளராகிய 480 ஆடவரை ஆராயத் தொடங்கி, 1985 வரை பின்தொடர்ந்தனர். சொத்தை மிக அரிதாயிருந்தது; ஈறுகளோ ஏறக்குறைய அனைத்தும் அழற்சியுற்றிருந்தன. நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் விரைந்து முற்றி, 45 வயதிற் பல்லே எஞ்சவில்லை. பல் வைத்தியம் அவர்களை எட்டாதிருந்தமையாலேயே, வைத்தியமில்லாதவிடத்து ஈறுநோய் எவ்வாறு வளரும் என்று காண முடிந்தது. பல் வைத்தியம் பயில்வோர் இன்றும் அவ்வாய்வைக் கற்கின்றனர். லயங்களில் அதனை அறிந்தோரை யான் கண்டதில்லை.

வாய்ப்புண்ணும் இத்தகையதே. வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுவோர் வாயில் இரண்டு வாரத்துக்குமேல் ஆறாத புண்ணோ, வெள்ளை, சிவப்புப் படலமோ இருப்பின், வலியில்லை என்று விடலாகாது. புற்று தொடக்கத்தில் வலிப்பதில்லை.

அம்மாணவனுக்குச் சீழை வடித்துப் பல்லைப் பிடுங்கினார்கள், தேறிவிட்டான். பாட்டி இன்றும் உரலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருக்கிறாள். ஒருமுறை வாயைக் காட்டிவிட்டு வாருங்கள் என்றேன்.

"எனக்கு ஒரு வலியும் இல்லீங்களே சார்" என்றாள்.