பிராட்பேண்டோட வர்ற "ஃப்ரீ" லேண்ட்லைன்: உண்மையான செலவு எவ்வளவு?



போன ஐப்பசியில ஒரு மழை நாள், சாயங்காலம் ஏழு மணி. கும்பகோணத்துல எங்க அப்பாவுக்குத் திடீர்னு சுகர் இறங்கிடுச்சு. மதியத்துல இருந்தே கரண்ட் இல்ல. அம்மா செல்லை எடுத்தா அதுல சார்ஜ் இல்ல. சரின்னு ஹால்ல இருக்கிற லேண்ட்லைனை எடுத்திருக்காங்க. டயல் டோனே வரல. பக்கத்து வீட்டுக்கு ஓடி, அந்த வீட்டுப் பையனோட போன்ல இருந்து டாக்டர்கிட்டயும் என்கிட்டயும் பேசினாங்க. சர்க்கரைத் தண்ணி கொடுத்ததும் அப்பா கொஞ்ச நேரத்துல தெளிஞ்சுட்டார். ஒண்ணும் ஆகல.

ஆனா அந்த லேண்ட்லைனுக்கு மாசாமாசம் பில் கட்டுறது நான். பழைய காப்பர் லைனை எடுத்துட்டு, "ஃபைபர் போட்டா போன் ஃப்ரீயாவே வருதும்மா" னு சொல்லி மாத்தி விட்டதும் நான்தான். ஆடிட்டர் பையன், "ஃப்ரீ"ங்கிற வார்த்தைக்குக் கீழ இருக்கிற நிபந்தனையைப் படிக்காம விட்டுட்டேன்.

நம்மள்ல நிறைய பேர் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கிட்டு, ஊர்ல அப்பா அம்மா வீட்டு நெட் பில்லைக் கட்டிக்கிட்டு இருக்கோம். அதனாலதான் இந்தக் கட்டுரை.

அது லேண்ட்லைனே இல்ல

பார்க்க அதே போன், அதே நம்பர், அதே ரிங். உள்ளே நடக்கிறது வேற.

பழைய காப்பர் லைன்ல, போனுக்குத் தேவையான மின்சாரம் எக்ஸ்சேஞ்சில இருந்தே அந்தக் கம்பி வழியா வரும். 48 வோல்ட். எக்ஸ்சேஞ்சில பெரிய பேட்டரி வரிசையே இருக்கும். தெருவே இருட்டா இருந்தாலும் போன் மட்டும் வேலை செஞ்சது அதனாலதான். புயல் வந்தப்போ தாத்தா வீட்டு போன் அடிச்சதை நம்ம தலைமுறையில கொஞ்சப் பேராவது பார்த்திருப்போம்.

ஃபைபர்ல வர்றது வெறும் ஒளி. கண்ணாடி இழையில மின்சாரம் வராது. சுவத்துல மாட்டியிருக்கிற அந்த வெள்ளை மோடம்தான் ஒளியை நெட்டாவும், குரலை டேட்டா பொட்டலமாவும் மாத்துது. போன் வயர் அதோட பின்பக்கம்தான் சொருகியிருக்கு. மோடம் ஆஃப் ஆனா போனும் ஆஃப். அதாவது, உங்க வீட்ல இருக்கிறது லேண்ட்லைன் மாதிரி தெரியற ஒரு இன்டர்நெட் போன். வாட்ஸ்அப் கால் எதையெல்லாம் நம்பியிருக்கோ, அதையெல்லாம் இதுவும் நம்பியிருக்கு. கூடவே வீட்டு பிளக் பாயின்ட்டையும்.

முதல் செலவு: கரண்ட்

இதுக்குன்னே "மினி யுபிஎஸ்" னு ரவுட்டருக்கு மாட்டுற சின்னப் பெட்டி கிடைக்குது. ஆயிரத்தில இருந்து ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள வாங்கலாம். ஆனா அட்டையில போட்டிருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாறாதீங்க. இங்கதான் நம்ம கணக்கு வேலை செய்யணும்.

பெட்டியில 8,800 எம்ஏஎச் னு போட்டிருக்குன்னு வச்சுக்குவோம். மோடம் 12 வோல்ட்ல ஓடுது. உடனே நாம 8.8 பெருக்கல் 12, சுமார் 105 வாட்-மணி, மோடம் 9 வாட் எடுத்தா 11 மணி நேரத்துக்கு மேல வரும்னு போட்டுடுவோம். தப்பு. அந்த 8,800 என்பது பெரும்பாலும் உள்ளே இருக்கிற லித்தியம் செல்லோட கணக்கு. அந்த செல் 3.7 வோல்ட். அப்போ 8.8 பெருக்கல் 3.7, சுமார் 32.5 வாட்-மணி. அதை 12 வோல்ட்டுக்கு ஏத்தும்போது வீணாகிறது ஒரு 15 சதவீதம்னு வச்சா, மிச்சம் 27.5 சொச்சம். 9 வாட்டால வகுத்தா மூணு மணி நேரம். பதினொண்ணு இல்ல, மூணு! பெட்டியில வாட்-மணி தனியா போட்டிருந்தா அதை மட்டும் பாருங்க. இல்லைன்னா 3.7-ஆல பெருக்குங்க.

வாங்கறதுக்கு முன்னாடி மோடம் அடாப்டரைத் திருப்பி, அதுல எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர்னு படிங்க. வோல்ட் அதேதான் இருக்கணும். ஆம்பியர் அதே அளவு, இல்ல அதுக்கு மேல.

இன்னொண்ணு. கார்ட்லெஸ் போன் வச்சிருந்தா இந்தச் செலவு பாதி வீண். மோடம் யுபிஎஸ்ல ஓடிக்கிட்டு இருக்கும். கார்ட்லெஸ்ஸோட அடித்தட்டு தனி பிளக்ல செத்துக் கிடக்கும். சுருள் வயர் வச்ச பழைய மாடல் போனுக்கு தனி கரண்ட் வேண்டாம், மோடமே கொடுத்துடும். விலையும் ஆயிரத்துக்குள்ளதான்.

வீட்ல இன்வெர்ட்டர் இருந்தா மினி யுபிஎஸ் தேவையில்லாம போகலாம். ஆனா மோடம் இருக்கிற பிளக் இன்வெர்ட்டர் லைன்ல வருதான்னு பாருங்க. நிறைய வீட்ல லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும்தான் இன்வெர்ட்டர் இழுத்திருப்பாங்க. எங்க வீட்லயும் அப்படித்தான். இதை எலக்ட்ரீஷியன் வந்து சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

இவ்வளவு செலவு பண்ணியும் போன் ஓடாம இருக்க ஒரு காரணம் இருக்கு. இழை போய்ச் சேர்ற மறுமுனையிலும் ஒரு பெட்டி இருக்கு. சின்ன ஊர்கள்ல அது பெரும்பாலும் லோக்கல் கேபிள்காரர் இடத்துல இருக்கும். வழியில இருக்கிற ஸ்ப்ளிட்டருக்கு கரண்ட் தேவையில்ல, ஆனா அந்தப் பெட்டிக்குத் தேவை. அவர்கிட்ட பேட்டரி இல்லைன்னா நம்ம யுபிஎஸ் என்ன பண்ணும்? இதை காசு செலவு பண்ணாமலே சோதிக்கலாம். யார்கிட்டயாவது யுபிஎஸ் ஒரு நாளைக்குக் கடன் வாங்கி மாட்டி, கரண்ட் போனதும் மோடம்ல "பான்" னு எழுதியிருக்கிற விளக்கைப் பாருங்க. நிலையா எரிஞ்சா மறுமுனை உயிரோட இருக்கு. அது அணைஞ்சு, பக்கத்துல "லாஸ்" விளக்கு சிவப்பா மின்னினா, ஒளியே வரலைன்னு அர்த்தம். அந்த ஊர்ல யுபிஎஸ்ஸுக்குச் செலவு பண்றது வேஸ்ட்.

அப்புறம், மாசத்துக்கு ஒரு தடவை பராமரிப்புன்னு காலையில ஒன்பது மணிக்குப் போயி சாயங்காலம் வர்ற கரண்ட் கட்? மூணு மணி நேர யுபிஎஸ் அதுக்குப் பத்தாது. அன்னிக்கு செல்லுதான்.

குரல் உடையுது, "ஹலோ ஹலோ" தான் மிச்சம்

இதுக்கு எல்லாரும் சொல்ற வைத்தியம் "பிளானை ஏத்துங்க". கஸ்டமர் கேர்லயும் அதைத்தான் சொல்வாங்க. காசைக் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு: சுருக்காத தரத்துல ஒரு போன் பேச்சுக்கு ஒரு திசையில சுமார் 87 கேபிபிஎஸ் போதும். 40 எம்பிபிஎஸ் பிளான்ல அது 450-ல ஒரு பங்கு. 40-ல உடையற பேச்சு 100-ல சரியாகாது.

பிரச்சினை வேகம் இல்ல, நேரம். உங்க குரலை மோடம் பொதுவா 20 மில்லிசெகண்ட் துண்டா நறுக்கி, ஒரு செகண்டுக்கு 50 பொட்டலம்னு அனுப்புது. சினிமா பார்க்கும்போது ஒரு பொட்டலம் லேட்டா வந்தா கவலையில்ல, முன்கூட்டியே சேர்த்து வச்சிருக்கும். பேச்சுல லேட்டா வந்த பொட்டலத்தைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அந்த இடத்துலதான் வார்த்தை விழுங்குது. ஒரு திசையில 150 மில்லிசெகண்டுக்கு மேல தாமதம் போனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேச ஆரம்பிப்போம்.

வீட்ல இந்தத் தாமதத்தை உண்டாக்கற முக்கியமான ஆள் அப்லோடு. கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து எல்லார் செல்லும் ஒரே நேரத்துல போட்டோவை கிளவுடுக்கு ஏத்திக்கிட்டு இருக்கும், நாம ரவுட்டரைத் திட்டிக்கிட்டு இருப்போம். மோடம் பின்னாடி சொருகற போனுக்கு பெரும்பாலான கம்பெனிகள் தனிப் பாதை கொடுத்து முன்னுரிமை கொடுக்கறதால அது தப்பிச்சுடும். வைஃபைல ஆப் வழியா பேசறவங்கதான் மாட்டுவாங்க. செலவில்லாத வழி, பேக்கப்பை ராத்திரி நேரத்துக்கு மாத்தி வைக்கிறது. சொருகற போன்லயே கரகரன்னு சத்தம் வந்தா பெரும்பாலும் வயர்தான். பழைய பிராட்பேண்ட் காலத்து ஸ்ப்ளிட்டர் டப்பா நடுவுல இன்னும் தொங்கிக்கிட்டு இருந்தா கழட்டிடுங்க. அதுக்கு இப்ப வேலையே இல்ல.

அம்மாவோட இன்னொரு புகார்: "பேங்க்குக்குப் போட்டா ஒண்ணை அழுத்துன்னு சொல்றான், அழுத்தினா மறுபடியும் அதையேதான் சொல்றான்." நான் முதல்ல அம்மா சரியா அழுத்தலைன்னு நினைச்சேன். இல்ல. பட்டனை அழுத்தும்போது வர்ற சத்தத்தைக் கேட்டுத்தான் எதிர்ப்பக்க மெஷின் எண்ணைப் புரிஞ்சுக்குது. இன்டர்நெட் போன் மனுஷக் குரலுக்கு ஏத்த மாதிரி சத்தத்தைச் சுருக்கும்போது அந்த பீப் சிதைஞ்சுடலாம். இதைச் சரிபண்ண மோடம்ல ஒரு செட்டிங் இருக்கு, ஆனா அது கம்பெனிக்காரங்க கையில. புகார் கொடுக்கும்போது "போன் வேலை செய்யல" னு சொல்லாம, "டிடிஎம்எஃப் போகல" னு சொல்லுங்க. ஆள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

லேண்ட்லைன்ல இருந்து செல்லுக்குப் போட முன்னாடி 0 சேர்க்கணும், 2021 ஜனவரி 15-ல இருந்து. போன் கெட்டுப்போச்சுன்னு வர்ற புகார்ல இதுவும் ஒண்ணு.

இப்ப பணத்துக்கு வருவோம்

விளம்பரத்துல 499 னு போட்டிருந்தா கூட 18% ஜிஎஸ்டி. 588 ரூபாய் 82 காசு. வருஷத்துக்கு 7,066. நெட்டுக்காக இதை எப்படியும் கட்டப்போறோம்னா போன் ஃப்ரீதான், ஒத்துக்கறேன். ஆனா அப்பா அம்மா ரெண்டு பேரும் நெட்டே தொடாத வீட்ல, போனுக்காக மட்டும் இந்த லைன் ஓடுதுன்னா அது ஃப்ரீ இல்ல, 7,066 ரூபாய் போன்.

அந்த மாதிரி வீட்டுக்கு மாற்று என்ன? டேட்டா இல்லாம, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கிற ரீசார்ஜ் தரணும்னு 2024 டிசம்பர்ல டிராய் சொல்லிடுச்சு. 2025 ஜனவரியில பெரிய கம்பெனிகள்ல 84 நாள் பேக் 450 ரூபாய் சுத்தி வந்துச்சு. வருஷத்துக்கு சுமார் 1,950. கூட ஒரு பட்டன் போன். ஒரு தடவை சார்ஜ் போட்டா நாள் கணக்குல நிக்கும்.

அப்படின்னா லேண்ட்லைனை வெட்டிடலாமேன்னு தோணும். அவசரப்படாதீங்க. இந்தியாவுல செல் நம்பரைத்தான் கம்பெனி விட்டு கம்பெனி மாத்த முடியும், லேண்ட்லைன் நம்பரை முடியாது. சொந்தக்காரங்க டைரியில, பாலிசி பேப்பர்ல, கேஸ் புக்ல எல்லாம் இருக்கிற அந்த நம்பர் லைனோட போயிடும். வெட்டறதுக்கு முன்னாடி எங்கெங்க அந்த நம்பர் கொடுத்திருக்கோம்னு ஒரு லிஸ்ட் போட்டு மாத்துங்க. டெபாசிட் கட்டியிருந்தா லைனை மூடின 45 நாளுக்குள்ள திரும்பி வரணும். அதையும் குறிச்சு வைங்க.

புதுசா லைன் எடுக்கறவங்களுக்கு: வருஷ பிளான் எடுத்தா ஒரு மாசம் ஃப்ரீன்னு சொல்வாங்க. மிச்சமாகறது 589 ரூபாய். அதுக்காக 6,477 ரூபாயை முன்னாடியே கொடுக்கறோம். முதல் மூணு மாசம் மாசாமாசம் கட்டி, ரெண்டு கரண்ட் கட்டையும் ஒரு மழையையும் பார்த்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

லைன் பழுதானா வாட்ஸ்அப்ல லைன்மேனுக்கு மெசேஜ் போட்டுட்டு உட்காராதீங்க. கஸ்டமர் கேர்ல பதிவு பண்ணி டாக்கெட் நம்பர் வாங்குங்க. அந்த நம்பர் இல்லாம எந்தக் கணக்கும் தொடங்காது. மூணு நாளுக்கு மேல சரியாகலைன்னா வாடகையில கழிவு கேட்கலாம். பதில் திருப்தியா இல்லைன்னா 30 நாளுக்குள்ள அதே கம்பெனியோட அப்பீல் அதிகாரிகிட்ட போகலாம், கட்டணம் கிடையாது. டிராய்க்கு நேரா எழுதினா தனி ஆள் புகாரை அவங்க விசாரிக்க மாட்டாங்க.

"அப்பா வீட்டு பில்லை ஆபீஸ் டெலிபோன் ரீஇம்பர்ஸ்மென்ட்ல காட்டலாமா?" னு ஒரு நண்பர் கேட்டார். அது உங்க வேலைக்காகக் கொடுக்கிற சலுகை. லைன் உங்க பேர்ல இருந்தாலும் பேசறது அப்பாதானே. காட்டாதீங்க.

எங்க வீட்ல கடைசியா பண்ணினது இதுதான். நம்பருக்காக லைனை வச்சுக்கிட்டோம். மினி யுபிஎஸ் 1,500, வயர் போன் 700. மூணு வருஷம் உழைக்கும்னு வச்சா மாசத்துக்கு 61 ரூபாய். கூட ஒரு பட்டன் போன், அப்பா கட்டில் பக்கத்துல. கார்த்திகையில ஒரு நாள் ராத்திரி எட்டரைக்கு அம்மா லேண்ட்லைன்ல இருந்து கூப்பிட்டாங்க. "தெருவே இருட்டா கிடக்குப்பா, இது மட்டும் பேசுது" ன்னாங்க. பேங்க்குக்கு ஒண்ணை அழுத்தற பிரச்சினை மட்டும் இன்னும் தீரல. டாக்கெட் நம்பர் என்கிட்ட இருக்கு, அடுத்த வாரம் அப்பீல் போடறேன்.