பரிசளிப்பு விழாவா, படிப்பு விழாவா?

பள்ளி ஆண்டு விழா என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது யாது? தோரணம் கட்டிய மேடை, தலைவர் உரை, இரண்டு நடனம், ஒரு நாடகம், இறுதியில் பரிசளிப்பு. முதலிடம் பெற்ற சிலர் மேடையேறுவர். எஞ்சிய பிள்ளைகள் கைதட்டுவர். விழா இனிதே முடியும். ஆயினும், அவ்வாண்டில் தம் பிள்ளை கற்றது என்ன என்பதை அறியாமலே பெற்றோர் வீடு திரும்புவர்.

இக்குறையைப் போக்கும் விழா ஒன்று நாம் பயிலும் இக்கேரளத்தில் உண்டு. 'படனோற்சவம்' என்பது அதன் பெயர். தமிழில் படிப்புத் திருவிழா எனலாம். 2017இல் தொடங்கிய பொதுக்கல்விப் பாதுகாப்பு இயக்கத்தின் பகுதியாக, 2018–19ஆம் கல்வியாண்டின் இறுதியில் மாநிலமெங்கும் பொதுப் பள்ளிகளில் இது நடைபெற்றது. இங்கே பள்ளியாண்டு ஜூனில் பிறந்து மார்ச்சில் நிறைவெய்துகிறது. ஜூனில் புதுப் பிள்ளைகளை இனிப்புத் தந்து வரவேற்கும் 'பிரவேசனோற்சவம்' நாம் அறிந்ததே. வரவேற்புக்கு ஒரு விழா இருக்க, நிறைவுக்கும் ஒன்று வேண்டுமன்றோ?

இதன் முறை எளியது. ஆண்டு முழுதும் கற்றவற்றுள் ஒன்றைப் பிள்ளைகள் பெற்றோர்முன் செய்து காட்டுவர். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு கதையை உரக்கப் படிக்கலாம். இரண்டாம் வகுப்பார் கடை பரப்பி, காசு வாங்கி, மீதிச் சில்லறை எண்ணித் தரலாம். மூன்றாம் வகுப்பார் பாடத்தையே நாடகமாக நடிக்கலாம். நான்காம் வகுப்பார் நீரில் மிதப்பவை எவை, மூழ்குபவை எவை என்று சோதித்துக் காட்டலாம்.

இதனால் பிள்ளைக்கு என்ன பயன்? 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலறிஞர்கள் கல்லூரி மாணவரிடையே ஓர் ஆய்வு நடத்தினர். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர் ஐந்து நிமிடம் கழித்து மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஆனால் ஒரு வாரம் கழிந்தபின், நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரே விஞ்சினர். கற்றதை உள்ளிருந்து வெளியே எடுக்கும் முயற்சியே அதனை ஊன்றச் செய்கிறது. ஏப்ரல், மே என இரண்டு மாத விடுமுறைக்குமுன் சிறுவர்க்கும் இத்தகைய முயற்சி நன்மை தருமென்றே நான் கருதுகிறேன்.

பெற்றோர்க்கு உண்டாகும் பயன் அதனினும் பெரிது. தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகள் உள்ளன. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். எழுத்தறியாத தாய்க்கு முன்னேற்ற அட்டை ஒரு புதிர். மூணாற்றுப் பக்கம் ஒரு பள்ளியில், நான்காம் வகுப்புச் சிறுமி ஆறு நாள் பறித்த கொழுந்தின் எடையைக் கரும்பலகையில் கூட்டிக் காட்டியதை நான் கண்டேன். அவள் தாய், "இனிமே என் கொழுந்துக் கணக்க நீயே கூட்டிப் பாரு பாப்பா" என்றார். எந்த மதிப்பெண்ணும் அத்தாய்க்கு அவ்வளவு தெளிவாகச் சொல்லியிராது.

எனினும் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும். ஒன்று, கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் முன்னிறுத்தினால் பழைய பரிசளிப்பு விழாவே வேறு பெயரில் திரும்பி வரும்; எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் இரண்டு வரி படிக்க இடம் வேண்டும். இரண்டு, மனப்பாடம் செய்வித்து ஒப்பிக்க வைத்தல் ஆகாது. பெற்றோர் இடைமறித்துக் கேள்வி கேட்கலாம் என்ற உரிமை இருந்தால் ஒப்பித்தல் தானே ஒழியும். மூன்று, விழாவை வேலை நாள் பகலில் வைத்தால் தோட்டத் தாய்மார் வருவது எப்படி? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருதல் அவர்க்கு எளிதன்று. மாலையிலோ, ஞாயிற்றுக்கிழமையிலோ வைத்தலே முறை.

நண்பர்களே! மார்ச்சு மாதத்தில் நம் மன்றத்தார் சிலர் அத்தகைய பள்ளியொன்றுக்குச் செல்லலாகாதா? பரிசுக் கோப்பைகள் வேண்டா. இரண்டு உருப்பெருக்கிக் கண்ணாடி, ஒரு காந்தம், ஒரு தராசு இவை போதும். அவற்றைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு, நாம் பெற்றோரோடு பாயில் அமர்ந்து கேள்வி கேட்போம்.