மலையோடையின் வரவு செலவு

ஒரு குடும்பத்தின் உண்மை நிலையை அறிய வேண்டுமாயின் அதன் வரவையும் செலவையும் பார்த்தல் வேண்டும். காட்டுக்கும் அத்தகைய கணக்கு உண்டு. மழையும் பனியும் அதன் வரவு. ஓடைவழியே வெளியேறும் நீரும் அதிற் கரைந்த சத்துக்களும் அதன் செலவு. இக்கணக்கை அறுபது ஆண்டுகளுக்கு மேலாக எழுதிவரும் ஓரிடத்தைப் பற்றி இன்று கூற விழைகின்றேன்.

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்து வெண்மலைத் தொடரில் ஹபார்ட் புரூக் என்னும் ஓடை பாய்கின்றது. 1955ஆம் ஆண்டில் அந்நாட்டு வனசேவையினர் அப்பள்ளத்தாக்கை ஆராய்ச்சிக் காடாக்கினர். அங்கு மண்ணின்கீழுள்ள பாறை நீரை எளிதில் உட்புகவிடாது. ஆகவே கணக்கில் வராமல் ஆழத்தே மறையும் நீர் மிகச் சொற்பம். கிளையோடையின் குறுக்கே சிறு சுவரெழுப்பி, அதில் முக்கோண வாயில் வெட்டி, வழியும் நீரின் உயரத்தைக் குறித்தால், ஓடும் நீரின் அளவு புலனாகும்.

1963இல் போர்மன், லைக்கன்ஸ், ஜோன்சன், பியர்ஸ் என்னும் அறிஞர் நால்வர் நீரின் இரசாயனத்தையும் ஆராயத் தலைப்பட்டனர். 1965இன் இறுதியில் ஒரு கிளையோடையின் நீரேந்து பகுதியில் மரங்கள் யாவும் வெட்டி வீழ்த்தப்பட்டன. அவை மீளத் தளிராவண்ணம் களைநாசினியும் தெளிக்கப்பட்டது. முதலாண்டில் ஓடைநீர் 39 வீதம் பெருகிற்று. இது இலாபமெனத் தோன்றலாம். ஆயின், மரங்கள் உறிஞ்ச வேண்டிய நைத்திரேற்று முதலிய சத்துக்கள் அந்நீரோடு கரைந்தோடின. காடு தன் முதலையே செலவழிக்கலாயிற்று.

திரட்டிய மழைநீரோ வேறொரு செய்தியைக் கூறிற்று. அமிலத்தன்மையைக் குறிக்கும் பி.எச். பெறுமானம் மாசற்ற மழையில் ஏறத்தாழ 5.6 ஆகும், அங்கோ அது 4க்கு அண்மையில் நின்றது. ஒரு படி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு ஏறும். தொலைவிலுள்ள மின்னிலையங்களும் ஆலைகளும் கக்கிய புகையே இதற்கு முக்கிய காரணம். 1970இலும் 1990இலும் இயற்றப்பட்ட தூய வளிச் சட்டங்களின் பயனாக மழையின் அமிலம் படிப்படியாகத் தணிந்தது.

காடும் உடனே நலம்பெற்றதா? இல்லை. பல்லாண்டு அமிலமழை மண்ணிலிருந்த கல்சியத்தைக் கரைத்துச் சென்றுவிட்டமையை 1996இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டிற்று. வரவு திருந்தினும் இழந்த முதல் எளிதில் மீளவில்லை. 1999இல் ஒரு நீரேந்து பகுதியின்மேல் கல்சியம் செறிந்த கனிமத்தூளை ஹெலிகொப்டர் மூலம் தூவியபோது, மேப்பிள் மரங்கள் புத்துயிர் பெற்றன.

மழை மிகுந்த ஆண்டும் குறைந்த ஆண்டும் மாறி மாறி வரும். பாடசாலை இடாப்பின் ஒரு நாட்பதிவைக் கொண்டு மாணவனின் ஒழுங்கைத் துணிய இயலாதவாறே, ஓராண்டு அளவைக் கொண்டு ஓடையின் போக்கையும் துணிய இயலாது. ஒன்றும் நிகழாதன போலத் தோன்றும் ஆண்டுகளில் அளப்பதை வீண்செலவெனச் சிலர் கருதுவர். அவ்வாண்டுகளின் பதிவுகள் இல்லையெனின், கல்சியம் குறைந்தமையை எதனோடு ஒப்பிட்டு அறிந்திருப்பர்? முதற்பக்கத்தை எழுதியோரிற் சிலர் இன்று இல்லை. அவர்தம் மாணாக்கரும் அவர்க்குப் பின்வந்தோரும் அவ்வேட்டைத் தொடர்ந்து எழுதி வருகின்றனர்.