எழுதிய உயில் எங்கே இருக்கிறது?



ஒரு குடும்பத் தலைவரை நினைத்துப் பாருங்கள். இளம் வயதில் திருநெல்வேலிச் சீமையை விட்டு மும்பைக்கு வந்தவர். பல வருடங்கள் உழைத்து ஒரு சிறிய வீட்டை வாங்கினார். ஊரிலும் கொஞ்சம் நிலம் உண்டு. தமக்குப் பின் பிள்ளைகளுக்குள் வழக்கு வரக்கூடாது என்று எண்ணி, இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு உயிலும் எழுதினார். ஆனால் அதை எங்கே வைத்தார் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. திடீரென்று அவர் மறைந்தபின், மனைவியும் பிள்ளைகளும் மும்பை வீட்டு அலமாரியையும் ஊர் வீட்டுப் பெட்டியையும் புரட்டுகிறார்கள். உயில் அகப்படவில்லை. இனி என்ன ஆகும்?

உயில் எழுதாமல் மரித்தவரைப் போலவே அவருடைய சொத்து பங்கிடப்படும். 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயிலின்றி மரித்தால், சொத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மற்ற இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். வீடு முழுவதும் மனைவிக்கே என்று அவர் எழுதியிருக்கலாம். உடல்நலம் குன்றிய மகளுக்கென்று நிலத்தை ஒதுக்கியிருக்கலாம். பத்திரம் கிடைக்காவிட்டால் அந்த விருப்பம் நிறைவேறுவது அரிது. ஜெராக்ஸ் பிரதி இருந்தாலும், மூல உயில் எவ்வாறு தொலைந்தது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டியிருக்கும். அவரே மனம் மாறிக் கிழித்துப்போட்டார் என்று எதிர்த்தரப்பினர் வாதிடவும் இடமுண்டு.

எரேமியா 32-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். ஆனதோத்திலுள்ள நிலத்தை வாங்கிய தீர்க்கதரிசி, சாட்சிகளை வைத்துப் பத்திரம் எழுதியதோடு நிறுத்திவிடவில்லை. முத்திரையிட்ட பத்திரத்தையும் திறந்த பிரதியையும் பாருக்கிடம் ஒப்புவித்து, நெடுநாள் நிலைக்கும்படி மண்பாத்திரத்தில் வைக்கச் சொன்னார். பத்திரத்துக்குப் பாதுகாப்பும் கிடைத்தது. அது இருக்கும் இடத்தை அறிந்த ஒருவரும் இருந்தார். உயிலுக்கும் இவ்விரண்டுமே வேண்டும்.

அப்படியானால் எங்கே வைப்பது? வீட்டில் வைப்பதானால், கரையானும் மழைநீரும் அண்டாத உறையில் இட்டு, பூட்டிய இரும்பு அலமாரியில் வையுங்கள். வாடகை வீடு மாறும்போதெல்லாம் முதலில் அதைக் கையில் எடுங்கள். உங்கள் ஒருவர் பெயரில் மட்டுமுள்ள வங்கி லாக்கரில், நாமினியும் நியமிக்காமல் உயிலை வைப்பது, சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவதற்குச் சமம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலைப் பதிவு செய்வது கட்டாயமல்ல. ஆயினும் மிகவும் நல்லது. உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் உயிரோடிருக்கும்வரை அவரோ அவருடைய முகவரோ அன்றி வேறெவரும் அதன் நகலைப் பெற முடியாது. அவர் மறைந்தபின் விண்ணப்பித்து நகல் பெறலாம். மூல உயில் தொலைந்தாலும் பதிவேட்டில் அதன் வாசகம் நிற்கும்.

இன்னொரு வழியும் உண்டு. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, உயிலை முத்திரையிட்ட உறைக்குள் வைத்துப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். அவர் அதைத் தீப்பிடிக்காத பெட்டியில் பாதுகாப்பார். விரும்பினால் நீங்கள் திரும்பப் பெறலாம். உங்கள் மறைவுக்குப் பின் ஒருவர் விண்ணப்பித்தால், அவர் முன்னிலையில் உறை திறக்கப்படும். ஆனால் விண்ணப்பிக்க வேண்டுமானால், அப்படியொரு உறை இருப்பதை அவர் அறிந்திருக்க வேண்டுமல்லவா?

உயிலின் இடத்தைச் சொல்வது வேறு, உள்ளே எழுதியிருப்பதைச் சொல்வது வேறு. உள்ளடக்கத்தை இரகசியமாக வைத்திருங்கள். இடத்தை இரண்டு பேருக்காவது தெரிவியுங்கள். ஒருவர் மனைவியோ கணவரோ பிள்ளையோ ஆகலாம். மற்றவர், உயிலை நிறைவேற்றும்படி நீங்கள் நியமித்தவராயிருக்கட்டும். உயில் இருக்கும் இடம், பதிவு எண், ஆண்டு, அலுவலகம், சாட்சிகளின் பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ஆதார், ரேஷன் அட்டைகளோடு வையுங்கள். வழக்கு வந்தால் சாட்சிகளைத் தேட வேண்டியிருக்கும்; நகரத்திலே அவர்களும் வீடு மாறுகிறவர்கள்தானே!

புதிய உயில் எழுதினால், பழையது ரத்து என்று அதிலே தெளிவாகக் குறிப்பிட்டுத் தேதியிடுங்கள். திருமணத்திற்கு முன் எழுதிய கிறிஸ்தவரின் உயில், அவருடைய திருமணத்தால் செல்லாததாகிவிடும் என்பதையும் மறவாதீர்கள்.

அருமையானவர்களே, இன்றிரவு உணவு முடிந்தபின் உங்கள் துணையை அழைத்து, "உயில் இங்கே இருக்கிறது" என்று அந்த இடத்தைக் காட்டுங்கள். துக்க வீட்டில் அவர்கள் கண்ணீரோடு பெட்டிகளைப் புரட்டும் வேதனையை அந்த ஒரு வார்த்தை தவிர்க்கும்.