செய்தியும் இலக்கியமும்

பத்திரிகை எழுத்து ஒரு நாளில் வாடும் பூ என்றும், இலக்கியம் என்றும் வாடாத மலர் என்றும் உவமை கூறி, ஒன்றைத் தாழ்த்தி மற்றொன்றை உயர்த்துவோர் பலர். இரண்டும் வேறு வேறு என்பது உண்மையே. ஆயினும் அவ்வேறுபாட்டை உயர்வு தாழ்வாகக் கொள்ளாது, அவை செய்யும் தொழிலைக் கொண்டு அறிதலே முறையாகும். பிழைப்பு நாடிப் பிறந்த மண்ணை விட்டு வந்த நம்மனோர் வரலாற்றிலேயே இதற்குச் சான்று உண்டு.

1879 முதல் 1916 வரை, கரும்புத் தோட்ட வேலைக்கென நம் நாட்டிலிருந்து பிஜித் தீவிற்குக் கப்பலேற்றப்பட்டோர் ஏறத்தாழ 60,000 பேர். 1903 முதல் சென்னையிலிருந்தும் ஆட்கள் சென்றனர். அவருள் தமிழர் பலர். 1912இல் குந்தி என்னும் தொழிலாளப் பெண், மேற்பார்வையாளன் ஒருவன் பிடியினின்று தப்ப ஆற்றில் குதித்தாள். கல்கத்தாவின் 'பாரத மித்திரன்' இச்செய்தியை வெளியிட, நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. 1915இல் ஆண்ட்ரூஸ், பியர்சன் என்னும் இருவர் நேரிற் சென்று கண்டு, மறு ஆண்டில் அறிக்கை வெளியிட்டனர். 1917இல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 ஜனவரி முதல் நாள் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

இது செய்தியின் வெற்றி. யார், எங்கே, எப்பொழுது, எத்தனை பேர் என்பவற்றைப் பிழையின்றிச் சொல்வதே அதன் வலிமை. ஓர் எண் தவறினும் வழக்கு வலிவிழந்திருக்கும்.

இனி, பாரதியாரை நோக்குவோம். 1904இல் 'சுதேசமித்திரன்' உதவியாசிரியராக அமர்ந்தவர் அவர். பத்திரிகைத் தொழிலை நன்கு அறிந்தவர். 'பிஜித் தீவிலே ஹிந்து ஸ்திரீகள்' என்னும் அவரது பாட்டில் ஆண்டும் இல்லை, கணக்கும் இல்லை. கடல் கடந்து வீசும் காற்றை விளித்து, அப்பெண்களின் அழுகுரலைக் கேட்டிருப்பாய் என்கின்றார். பிறந்த வீட்டை மீண்டும் காணும் ஏக்கமே பாட்டின் உயிர். ஒப்பந்த முறை ஒழிந்து நூறாண்டு கடந்தது. அறிக்கையை இன்று ஆராய்ச்சியாளரே தேடுவர். பாட்டோ நம் கண்ணை இன்றும் நனைக்கின்றது. செய்தியை அறிந்தபின் மீண்டும் படிக்க வேண்டுவதில்லை. இலக்கியத்தை அறிந்தே மீண்டும் படிக்கின்றோம்.

எனினும், பாரதியார் பிஜியைக் கண்டவர் அல்லர். அத்துயரை அவர் காதிற் சேர்த்தது பிறர் கொணர்ந்த செய்தியே என்பதை மறத்தல் ஆகாது. புதுமைப்பித்தனும் பத்திரிகையில் உழைத்தவரே. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழர் வாழ்வை 1935இல் 'மணிக்கொடி'யில் 'துன்பக்கேணி'யாக வடித்தவர் அவர். ஒரே கை இரு தொழிலும் செய்யலாம். ஆனால் ஒன்றை மற்றொன்றாக மயங்கலாகாது. செய்தியிற் கற்பனை புகுந்தால் அது பொய்யாகும். கதை வெறும் பட்டியலானால் அது உயிரற்ற உடலாகும்.

நம் சங்க இதழுக்கு வருவன பெரும்பாலும் விழாச் செய்திகளே. தலைமை தாங்கியவர் யார், பரிசு பெற்ற சிறுவர் எவர் என்பன வேண்டுவனவே. அவற்றைப் பிழையற எழுதுக. ஆனால், மொழி தெரியாத ஊரில் முதல் நாள் கடைத்தெருவிற்குச் சென்ற தாயின் நெஞ்சம் எந்த விழாச் செய்தியில் இடம் பெறும்? பள்ளியில் வேற்று மொழி பயிலும் நம் பேரக்குழந்தைகள், தம் குடும்பம் இங்கு வேரூன்றிய கதையை எங்ஙனம் அறிவர்? அறிந்த முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்பால் அமர்ந்து கேட்டு எழுதுங்கள், அன்பர்களே. ஆண்டும் ஊரும் செய்தியாளர் போற் சரிபாருங்கள். அவர் உள்ளத்தை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். அதற்கென இவ்விதழின் பக்கங்கள் காத்திருக்கின்றன.